சுளுக்குக்குப் பிறகு ஒற்றைக்கால் பயிற்சி: கவனம் காலிலா, பலகையிலா?

ஷட்டில்பிரியன்:
ஷட்டில் ஆடும்போது இடது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. வீக்கம் வடிந்துவிட்டது, இப்போது ஆடும் பலகையில் நிற்கும் பயிற்சி. பிசியோ, “கணுக்காலை ஆடாமல் பிடிங்க” என்கிறார். காலை நினைத்தாலே விரல்கள் சுருண்டு பலகையைக் கவ்வுகின்றன, ஆட்டம் கூடுகிறது. வேறு வழி உண்டா?

பிசியோ_அக்கா:
உண்டு தம்பி. கணுக்காலை விட்டுவிட்டு, “பலகையை அசையாமல் வை” என்று நினைத்துப் பாருங்கள். சுளுக்கு வந்தவர்களை வைத்தே இஸ்ரேலில் இதைச் சோதித்து 2007ல் வெளியிட்டார்கள். உடம்பை நிலைநிறுத்தச் சொன்னவர்களைவிட, பலகையை நிலைநிறுத்தச் சொன்னவர்களே நன்றாகத் தேறினார்கள். தானாக நடக்கிற வேலையில் மூளை மூக்கை நுழைத்தால் தசைகள் விறைத்துக்கொள்ளும் என்பது, உடல் அசைவுகளை எப்படிக் கற்கிறோம் என்று ஆராயும் கேப்ரியல் வுல்ஃப் குழுவின் விளக்கம். என்னிடம் வருபவர்களிடம் தொங்கும் திரைச்சீலையை விரல்நுனியால் தொட்டபடி, துணி அசையாமல் நிற்கச் சொல்வேன். கால் தானே அடங்கும்! ஆனால் முட்டி உள்ளே சரிகிறது என்றால் அதைச் சொல்லித்தான் திருத்த வேண்டும். அங்கே திரைச்சீலை உதவாது.

கோல்கீப்பர்:
சுவரோரமாக நின்று செய்யுங்கள். வலி இருந்தால் பலகையே வேண்டாம், வெறும் தரை போதும்.

ஷட்டில்பிரியன்:
திரைச்சீலை வித்தையைச் செய்து பார்த்தேன் அக்கா, கால்விரல்கள் சுருளவில்லை. கண்ணை மூடிக்கொண்டும் செய்யலாமா?

பிசியோ_அக்கா:
முதலில் தரையில். பலகையில் அப்புறம் பார்க்கலாம்.