நேட்டால் போனவரின் பெயர் என்னவாக மாறியிருக்கும்?

வணக்கம் உறவுகளே. கொள்ளுத்தாத்தாவின் தம்பி வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குப் போனவர். 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து இப்படி நேட்டாலுக்குக் கப்பலேறியவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அங்கே முதலி 'மூட்லி' ஆனது, கவுண்டர் 'கோவெண்டர்' ஆனது. சிலருக்குத் தகப்பன் பெயரே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது.

பாட்டியின் தகரப் பெட்டியில், நேட்டாலின் துறைமுக நகரான டர்பனின் அஞ்சல் முத்திரை குத்திய உறை ஒன்று கிடைத்தது. அனுப்பியவர் பெயர் ஆங்கிலத்தில் 'கோவ' வரைக்கும்தான் தெரிகிறது, மீதியைக் கரையான் அரித்துவிட்டது. கோவெண்டரா, கோவிந்தசாமியா?

கப்பல் பதிவேட்டில் ஆள் எண், தகப்பன் பெயர், ஊர், தாலுகா எல்லாம் இருக்குமாமே? தகப்பன் பெயரும் ஊரும் என்னிடம் இருக்கின்றன. அவற்றை வைத்து எப்படித் தேடுவது? தேடிப் பார்த்தவர்கள், டர்பன் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அம்மாவுக்கு எண்பது வயது. அந்த வீட்டுப் பிள்ளைகளை ஒருமுறை பார்க்கவேண்டும் என்கிறார்.