பாதிக்குப் பாதி ஓட்ஸ் போட்டு பிரெட் வருமா?

சிறுவாணி (கோவை):
வணக்கம். மைதா கலக்காமல், பக்கத்து மில்லில் அரைத்த கோதுமை மாவிலேயே ஓடிஜியில் (வீட்டுச் சின்ன மின்சார அவன்) பிரெட் போட்டுப் பழகிவிட்டேன். கடை பிரெட்டின் புசுபுசுப்பு வராது. ஆனால் டோஸ்ட் போட்டு வெண்ணெய் தடவினால் வீட்டில் மிச்சம் இருக்காது.

இப்போது அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது, ஓட்ஸ் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். கஞ்சி வைத்துக் கொடுத்தால் "எனக்கென்ன காய்ச்சலா?" என்று தள்ளி வைக்கிறார். பிரெட் என்றால் இரண்டு ஸ்லைஸ் தட்டாமல் உள்ளே போகும். அதனால் 200 கிராம் கோதுமை மாவு, 200 கிராம் ஓட்ஸை மிக்ஸியில் பொடித்தது, தண்ணீரும் ஈஸ்ட்டும் வழக்கமான அளவு என்று போட்டேன். பிசையும்போதே விரலிடுக்கெல்லாம் ஒட்டல். டின்னில் பாதிக்கு மேல் எழும்பவில்லை. மேலே நன்றாகச் சிவந்திருந்தது, வெட்டினால் நடுவில் கத்தியில் அப்பிக்கொண்டு வருகிறது.

குளூட்டன் பவுடர் வாங்கிப் போடு என்கிறாள் தோழி. அது இல்லாமல் வழி உண்டா? முளைகட்டிய கேழ்வரகு மாவும் இருக்கிறது, அதையும் கொஞ்சம் சேர்க்கலாமா?

வெட்டிப்பேச்சு:
பேசாம ஓட்ஸ் தோசை ஊத்திக் கொடுங்க. அப்பாவுக்குத் தெரியவே தெரியாது :)

மாஸ்டர் (நாகர்கோவில்):
தங்கச்சி, எனக்கு பேக்கரியில போர்மா (ரொட்டி சுடுற பெரிய அடுப்பு) பக்கத்துலயே பாதி ஆயுசு போச்சு. மைதா ரொட்டிதான் எங்க பொழப்பு. ரிட்டயர் ஆன பிறகு வீட்டுல எங்களுக்காக கோதுமையும் ஓட்ஸும் போடுறேன். ஓட்ஸை மாவுக் கணக்குல சேர்க்காதீங்க. அது தண்ணியைக் குடிச்சு வைக்கிற சாமான், அதைத் தண்ணிக் கணக்குல சேருங்க. மத்ததெல்லாம் இதுக்குப் பிறகுதான்.

நம்பிக்கை வரலைன்னா ஒண்ணு செய்ங்க. எலுமிச்சம்பழம் அளவு சப்பாத்தி மாவை அரை மணி நேரம் ஊறவிட்டு, ஒரு கிண்ணம் தண்ணிக்குள்ள வச்சு மெதுவா கசக்குங்க. வெள்ளையா பால் இறங்கும். தண்ணியை மாத்தி மாத்திக் கசக்கினா தவிடும் கொஞ்சம் கொஞ்சமா கழண்டு போகும். கடைசியில சூயிங்கம் மாதிரி ஒரு சின்ன உருண்டை கையில நிக்கும், இழுத்தா நீளும். அதுதான் குளூட்டன், ஈஸ்ட் விடுற காத்தைப் பிடிச்சு வைக்கிறது அதுதான். இப்ப ஓட்ஸ் பொடியைப் பிசைஞ்சு அதே மாதிரி கசக்குங்க. கொழகொழன்னு கரைஞ்சு போயிரும், கையில ஒண்ணும் மிஞ்சாது. நீங்க பாதி மாவை எடுத்துட்டு அந்த இடத்துல இதைப் போட்டிருக்கீங்க. காத்து நிக்க இடமில்லை, ரொட்டி எப்படி எழும்பும்?

குளூட்டன் பவுடர் போட்டா எழும்பும், இல்லைங்கல. ஆனா ருசி ரப்பர் பக்கம் சாயும். எனக்குப் பிடிக்காது.

என் அளவு இது. எட்டரைக்கு நாலரை அங்குல டின்னுக்கு கோதுமை மாவு 350 கிராம், ஓட்ஸ் 70 கிராம். மாவுல அஞ்சுல ஒரு பங்கு. இதுக்கு மேல கொஞ்சம் ஏத்தலாம், கால் பங்கு தாண்டினா கனம் வந்துரும். ஓட்ஸைப் பொடிக்க வேண்டாம், தட்டையா இருக்கிற ரோல்டு ஓட்ஸ் வாங்குங்க. மூணு நிமிஷத்துல வேகுற ரகம்னா சேறாயிரும். 70 கிராம் ஓட்ஸுல 140 கிராம் கொதிக்கிற தண்ணி ஊத்தி, 15 கிராம் வெண்ணெய் போட்டு மூடி வைங்க. நல்லா ஆறணும். சூட்டோட மாவுல கொட்டினா ஈஸ்ட் செத்துரும், 60 டிகிரி தாண்டினா அது பிழைக்காது.

இன்னொரு பாத்திரத்துல கோதுமை மாவையும் 210 கிராம் தண்ணியையும் சும்மா கலந்து ஒரு மணி நேரம் விடுங்க. பிசையாதீங்க. உப்பும் ஈஸ்ட்டும் இப்ப வேண்டாம். தவிடு கூர்மையா இருக்கும், ஊறாம பிசைஞ்சா குளூட்டன் இழையை அறுத்துப் போடும். மில்லுல கல்லுல அரைச்ச மாவு மைதாவை விட நிறைய தண்ணி குடிக்கும், அதுக்கும் நேரம் கொடுக்கணும். பிறகு ஆறின ஓட்ஸ், உப்பு 7 கிராம், நாட்டுச் சர்க்கரை ஒரு ஸ்பூன், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம் எல்லாம் சேர்த்துப் பிசைங்க. வெயில் காலம்னா ஈஸ்ட் 3 கிராம் போதும், தண்ணியும் ஃபிரிட்ஜ் தண்ணியா இருக்கட்டும். கிரைண்டர்ல மாவு பிசையிற துடுப்பு இருந்தா அதுலயே போடுங்க. ஒட்டத்தான் செய்யும். ஒட்டுதேன்னு மேல மாவு தூவித் தூவி இறுக்கிராதீங்க. கையில எண்ணெய் தொட்டுக்கிட்டா போதும்.

முதல் தடவை நல்லா எழும்பட்டும். டின்னுல போட்ட பிறகு இரட்டிப்பாகுற வரை காத்திருக்காதீங்க, ஒன்றரை மடங்குல அடுப்பு சூடா தயாரா இருக்கணும். விரலால அமுக்கினா குழி மெல்ல ஏறி வரணும். ஏறாம அப்படியே நின்னுதுன்னா நேரம் தாண்டிருச்சு. 190 டிகிரியில 40லிருந்து 45 நிமிஷம், பாதியில மேலே ஃபாயில் மூடிருங்க. மேல் சிவப்பை நம்பி வெளிய எடுத்தா நடு பச்சையா நிக்கும். குத்துற தெர்மாமீட்டர் இருந்தா நடுவுல 95 காட்டணும். ரெண்டு மணி நேரம் ஆறாம கத்தி வைக்கவே கூடாது. சூடா இருக்கும்போது வெட்டினா வெந்த ரொட்டியும் கத்தியில அப்பும்.

முளைகட்டின கேழ்வரகு மாவு வேண்டவே வேண்டாம். முளைக்கும்போது ஸ்டார்ச்சைச் சர்க்கரையா உடைக்கிற நொதி பெருகிரும். குழந்தைக்குக் கஞ்சி நீர்த்து வர்றது அதனாலதான். ரொட்டியில அதே வேலையைச் செஞ்சா உள்ளே பசையாயிரும். முளைகட்டாத மாவு 30 கிராம் போடலாம், கோதுமையில அந்த அளவு குறைச்சுக்கோங்க. கம்பும் அப்படித்தான், ஆனா அன்னிக்கு அரைச்சதா இருக்கணும். பழசானா கசக்கும்.

தேனம்மை (ஸ்காபரோ):
மாஸ்டர் அண்ணை, நல்ல விளக்கம். என்னை மாதிரி கனடாவில இருக்கிற ஆக்களுக்கு ஒரு சொல். இஞ்ச மா சரியான பலம், குளூட்டன் கூட. ஆனா உங்கட ஆட்டா அளவுக்குத் தண்ணி குடிக்காது. இஞ்சத்தைய முழுக்கோதுமை மாவில செய்யிறதெண்டால் 210 கிராம் தண்ணியை ஒரேயடியா ஊத்தாம, 180இல துவங்கிப் பாத்துப் பாத்து விடுங்கோ. இன்னொண்டு, கனடாவில 'ஹோல் வீட்' எண்டு விக்கிற மாவில தானியத்தின்ர 5 வீதம் வரைக்கும் எடுத்துப்போட சட்டம் விடுது. கெதியா பழுதாப் போகாம இருக்க முளைப்பகுதியைத்தான் பெரும்பாலும் எடுக்கிறவை. முழுசா வேணுமெண்டால் பையில 'ஹோல் கிரெய்ன்' எண்டு இருக்கோ எண்டு பாருங்கோ.

ஊரில அம்மா குரக்கன் (கேழ்வரகு) மா கலந்து றொட்டி சுடுவா, தேங்காய்ப்பூவும் போட்டு. பாணிலயும் (பிரெட்டிலயும்) ஒருக்கா போட்டுப் பாக்கத்தான் வேணும்.

சிறுவாணி:
மாஸ்டர் அண்ணா, கோடி நன்றி. மாவைக் கசக்கிப் பார்த்தேன், ஓட்ஸ் பொடி நீங்கள் சொன்னபடியே கரைந்து காணாமல் போய்விட்டது! ஆனால் ஒரு சந்தேகம். மொத்த பிரெட்டுக்கும் 70 கிராம்தான் என்றால், அப்பாவுக்கு அது எந்த மூலைக்கு?

கணக்குப்பிள்ளை:
சரியான கேள்வி. ஓட்ஸில் கொலஸ்ட்ராலுக்கு வேலை செய்வது பீட்டா குளூக்கன் என்ற நார்ச்சத்து. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1997இல் ஓட்ஸ் பாக்கெட்டில் இதய நலம் பற்றி எழுத அனுமதி தந்தபோது வைத்த அளவு, ஒரு நாளைக்கு 3 கிராம். அதுவும் நிறைவுற்ற கொழுப்பும் கொலஸ்ட்ராலும் குறைந்த சாப்பாட்டோடு. ஓட்ஸில் அது சுமார் 4 சதவீதம். மாஸ்டர் ரொட்டி முழுவதிலும் சேர்த்தே 3 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. 14 ஸ்லைஸ் போட்டால், அப்பா சாப்பிடும் இரண்டில் 0.4 கிராம். உங்கள் பாதிக்குப் பாதி செங்கல்லிலும் இரண்டு ஸ்லைஸுக்கு ஒன்றேகால் கிராம் தேறாது. 40 கிராம் ஓட்ஸில் ஒரு கிண்ணம் கஞ்சி வைத்தால் அதிலேயே 1.6 கிராம் வந்துவிடும்.

பிரெட்டை ருசிக்குப் போடுங்கள். மருந்தாக வேண்டுமென்றால் கஞ்சிதான். பாலும் சர்க்கரையும் போடாமல், ஆறவைத்து மோர் ஊற்றி, சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் தொட்டுக்கக் கொடுத்துப் பாருங்கள். கம்மங்கூழ் குடித்து வளர்ந்தவர்கள் இதை மறுப்பதில்லை.

சிறுவாணி:
மோர்மிளகாய் என்றால் அப்பா எதையும் குடிப்பார்! பிரெட்டும் மாஸ்டர் கணக்கிலேயே போடுகிறேன். நாலு பேர் உள்ள வீடு, ஒரே நாளில் தீராது. ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

மாஸ்டர்:
ஃபிரிட்ஜுல வச்சா சீக்கிரம் வறண்டுரும். ஓட்ஸ் ஈரம் பிடிச்சு வைக்கிறதால வெளியிலயே ரெண்டு நாள் மெத்துன்னு இருக்கும், அதுக்கு மேல நம்ம ஊரு சூட்டுல பூஞ்சை வந்துரும். மிச்சத்தை ஸ்லைஸ் போட்டு ஃப்ரீசர்ல வைங்க. வேணுங்கிறதை மட்டும் எடுத்து நேரா தோசைக்கல்லுல போடலாம்.