உழைப்பாளி பாட்டு பாடுறவருக்கு 5000 டாலர் டிக்கெட்டா?

பழைய_கேசட்:
மறுபடியும் இந்த பஞ்சாயத்தை கிளப்புறேன், திட்டுறவங்க திட்டிக்கோங்க. அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன்னோட ஈ ஸ்ட்ரீட் பேண்டோட 2023 பிப்ரவரி 1 அன்னிக்கு டாம்பால ஆரம்பிச்ச உலக டூர் 2025 ஜூலை 3 மிலான்ல முடிஞ்சுது, எல்லாரும் ஆஹா ஓஹோன்னு எழுதி முடிச்சாச்சு. ஆனா 2022 ஜூலைல அமெரிக்கால டிக்கெட் வித்த அந்த வாரத்தை மட்டும் யாரும் பேச மாட்டேங்குறீங்க. கூட்டம் ஏற ஏற விலையும் ஏறுற டைனமிக் பிரைசிங், சில சீட்டு 4000, 5000 டாலர் வரைக்கும் போச்சு. பாடுறது என்ன, மூடுன மில்லு, வேலை போன அப்பா, கடன்ல முழுகுற வீடு. அந்த அப்பா இந்த சீட்ல வந்து உக்கார முடியுமா சொல்லுங்க.

கணக்குப்புள்ள:
5000 டாலர்னு காட்டுற ஒரு ஸ்கிரீன்ஷாட்டை வச்சே மூணு வருஷமா ஓட்டுறீங்க பாஸ். டிக்கெட் வித்த டிக்கெட்மாஸ்டர் கம்பெனி அப்பவே கணக்கு கொடுத்தாச்சு, 88 சதவீத டிக்கெட் நிலையான விலைலதான் போச்சு, 59.50 டாலர்ல இருந்து 399 வரைக்கும், சர்வீஸ் சார்ஜ் தனி. ஆயிரம் டாலரை தாண்டினது 1.3 சதவீதம்தான். சரி அந்த 1.3 சதவீதத்தையும் 200 டாலருக்கு வித்திருந்தா என்ன ஆகியிருக்கும்? வாங்குறவன் அஞ்சு நிமிஷத்துல ரீசேல் சைட்ல 5000க்கு போட்டிருப்பான். காசு எப்படியும் போகப்போகுது, பாட்டு எழுதி வியர்வை சிந்தி பாடுறவனுக்கு போகட்டுமே, நடுவுல நிக்கிற பிளாக் டிக்கெட்காரன் பொண்டாட்டிக்கு நகை வாங்கவா?

பழைய_கேசட்:
விக்கிறவன் கொடுத்த கணக்கையே விக்கிறவனுக்கு சாட்சியா கொண்டு வர்றீங்க, கடைக்காரனே தராசுல கை வச்சுக்கிட்டு எடை சரியா இருக்குன்னு சொல்ற கதை. இது ஒரு ஸ்கிரீன்ஷாட் விஷயமும் இல்ல. பேக்ஸ்ட்ரீட்ஸ்னு ரசிகர்களே நடத்துன பத்திரிகை, 1980ல ஆரம்பிச்சது, அவரை சாமி மாதிரி கொண்டாடுனவங்க, 43 வருஷம் ஓட்டிட்டு 2023 பிப்ரவரில இழுத்து மூடிட்டாங்க. காரணம் இந்த டிக்கெட் விலைல மனசு விட்டுப்போச்சுன்னுதான் எழுதுனாங்க. அவங்ககிட்ட போய் உங்க 1.3 சதவீதத்தை சொல்லுங்க.

ஜெர்சி_சித்தப்பு:
தம்பிங்களா கொஞ்சம் மெதுவா. நான் இவரை முதல்ல பாத்தது 1988 செப்டம்பர் 30, டெல்லி ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம், ஆம்னஸ்டி நடத்துன மனித உரிமை டூர், கூடவே ஸ்டிங், பீட்டர் கேப்ரியல், டிரேசி சாப்மன், யூசூ என்டூர். நான் அப்ப ஹாஸ்டல் பையன், சீனியர் ஒருத்தர் போக முடியாம கொடுத்த ஓசி டிக்கெட். ஸ்பிரிங்ஸ்டீன் யாருன்னே தெரியாது, ஸ்டிங் பேரு மட்டும்தான் தெரியும், ஆனா ராத்திரி ரூமுக்கு வந்தா தூக்கம் வரல. 35 வருஷம் கழிச்சு 2023 செப்டம்பர்ல நியூஜெர்சி மெட்லைஃப் ஸ்டேடியத்துல பாத்தேன். விலை முதல்ல கண்ணை கட்டுச்சு, நான் அவசரப்படல, ஷோவுக்கு ரெண்டு நாள் முன்னாடி தானா இறங்குச்சு, வாங்கிட்டேன். 73 வயசு மனுஷன் கிட்டத்தட்ட மூணு மணி நேரம், தண்ணி குடிக்க கூட நிக்காம. அதே மாசம் வயித்துல அல்சர்னு சொல்லி மிச்ச தேதியெல்லாம் தள்ளி வச்சாங்க, அதாவது நாங்க ஆடிக்கிட்டு இருந்தப்போ மனுஷன் வயித்துவலியோட பாடியிருப்பாரோன்னு அப்புறம்தான் தோணுச்சு.

கறுப்புச்சட்டை:
சித்தப்பு உங்க கதை அருமை, ஆனா கேள்வி அது இல்ல. வேற வழியே இல்லாம இப்படி பண்ணாரா? அதே 2023ல இங்கிலாந்து ராக் பேண்ட் தி க்யூர், அதோட பாடகர் ராபர்ட் ஸ்மித் என்ன பண்ணாரு, டைனமிக் பிரைசிங் வேணாம்னு ஒரே வார்த்தைல முடிச்சாரு, 20 டாலர்ல இருந்து டிக்கெட் வச்சாரு. அதுக்கு மேல சர்வீஸ் சார்ஜ் 20 டாலருக்கு மேல போட்டாங்க, மனுஷன் பொதுவெளில கத்துன கத்துல டிக்கெட்மாஸ்டர் சிலருக்கு 10 டாலர் சிலருக்கு 5 டாலர் திருப்பி கொடுத்துச்சு. இந்த பிளாட்டினம்னு பேர் வச்சு ஏறுற விலைக்கு விக்கிற சீட்டு எல்லாமே ஆர்ட்டிஸ்ட் தலையாட்டுனாதான் நடக்கும்.

கணக்குப்புள்ள:
அதே க்யூர் டிக்கெட்டை கைமாத்த முடியாதபடி பூட்டப் பாத்தாங்க, நியூயார்க், இல்லினாய், கொலராடோ மூணு மாநிலத்துல சட்டமே கைமாத்து தடையை விடல, அங்க ரீசேல் வழக்கம்போல நடந்துச்சு. நல்ல மனசு மட்டும் போதாது. 1994ல பேர்ல் ஜாம்ங்கற ராக் பேண்ட் டிக்கெட்மாஸ்டரை எதிர்த்து அமெரிக்க அரசோட நீதி அமைச்சகம் வரைக்கும் போனாங்க, அடுத்த வருஷமே விசாரணையை மூடிட்டாங்க, 2010ல கச்சேரி நடத்துற லைவ் நேஷன் கம்பெனியும் டிக்கெட்மாஸ்டரும் ஒண்ணாவே ஆயிட்டாங்க, அரசாங்கம் வழக்கு போட 2024 மே ஆச்சு. கோவத்தை அங்க காட்டுங்க, எழுபது வயசு கிதார்காரர் மேல இல்ல.

பழைய_கேசட்:
அப்ப அந்த கிதார்காரரே என்ன சொன்னாருன்னு பாப்போமா. 2022 நவம்பர்ல ரோலிங் ஸ்டோன் பேட்டி. 49 வருஷமா மார்க்கெட் விலைக்கு கம்மியாதான் வாசிச்சோம், இந்த தடவை என் வயசுக்காரங்க எல்லாம் என்ன பண்றாங்களோ அதையே பண்ணுங்கன்னு சொன்னேன்னு சொன்னாரு. பிடிக்கலன்னா வெளிய போறப்ப காசை திருப்பி வாங்கிக்கோங்கன்னும் சொன்னாரு. உள்ள வந்தவன் சந்தோஷமாதான் போவான் தலைவா, உள்ளயே வர முடியாதவன் எந்த கவுன்ட்டர்ல போய் காசை கேப்பான்? 2021லயே பாட்டு உரிமை மொத்தத்தையும் சோனிக்கு சுமார் 50 கோடி டாலருக்கு வித்ததா செய்தி வந்துச்சே, இன்னும் எவ்வளவு வேணும்?

இரவுரயில்:
மிலான் பக்கத்துல இருந்து எழுதுறேன், இங்க வேற உலகம். ரசிகர்களே ரோல் கால்னு ஒண்ணு நடத்துவாங்க, ஷோவுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே போய் பேரு பதிஞ்சு நம்பர் வாங்கணும், சொன்ன நேரத்துக்கு போய் ஆஜர் சொல்லணும், ஒரு தடவை தவறுனா பேரை அடிச்சிருவாங்க. மேடைக்கு முன்னாடி நிக்கிற இடத்துக்கு காசை விட காலுதான் முக்கியம். என் பக்கத்துல நின்னது ஒரு பஸ் டிரைவர், சான் சீரோ ஸ்டேடியம் கேட் முன்னாடி ரொட்டியை பிச்சு பாதி கொடுத்தாரு.

கணக்குப்புள்ள:
இதைத்தான் நானும் சொல்றேன். பில்போர்டு கணக்குல மொத்த டூர் 70 கோடி டாலருக்கு மேல, டிக்கெட் கிட்டத்தட்ட 50 லட்சம். வகுத்துப் பாருங்க, ஒண்ணு சுமார் 150 டாலர்.

பழைய_கேசட்:
ஐரோப்பா ஸ்டேடியத்தை எல்லாம் அள்ளிப்போட்டு வகுத்தா அப்படித்தான் வரும். சராசரி ஆளுன்னு ஒருத்தன் கியூல நிக்கல பாஸ்.

கறுப்புச்சட்டை:
கேசட் அண்ணே, இவ்வளவு பேசுறீங்களே, கடைசில ஷோவுக்கு போனீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லாம நழுவுறீங்க.

பழைய_கேசட்:
போனேன்யா. மேடைக்கு பின்னாடி, உச்சாணி வரிசை, 89 டாலர். மூணு மணி நேரம் அவர் முதுகைத்தான் பாத்தேன். அவரோட முதல் பேண்ட் கேஸ்டில்ஸ், அதுல ஜார்ஜ் தீஸ் 2018ல செத்துப்போனப்புறம் மிச்சம் இருக்குறது நான் ஒருத்தன்தான்னு சொன்னாரு. கடைசில எல்லாரையும் அனுப்பிட்டு தனியா ஒரு கிதாரோட நின்னாரு, அப்ப மட்டும் திரும்பி எங்க பக்கம் ஒரு தடவை பாத்தாரு. கண்ணு கலங்கிருச்சு, அது வேற விஷயம். கோவம் அப்படியேதான் இருக்கு.

கணக்குப்புள்ள:
89 டாலரா? அப்ப என் 88 சதவீதத்துல நீங்களும் ஒரு ஆளா!

பழைய_கேசட்:
போய்யா யோவ்.