பிள்ளையோடு போனால் பெரியவர்களுக்கும் தள்ளுபடி: பிரிட்டன் ரயிலில் ஃபேமிலி கார்டு அனுபவங்கள்

கோவைக்காரி, ஹாரோ:

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கும் கோடை மாதங்களில்தான் எங்கள் வீட்டில் ரயில் செலவு ஒரு பேச்சாகும். எடின்பரோ பார்க்க வேண்டும் என்று விமானம் ஏறும் முன்பே அப்பா சொல்லிவிட்டார். பெரியவர்கள் நான்கு பேர், ஏழு வயதுப் பையன் ஒருவன். டிக்கெட் விலையைப் பார்த்த என் கணவர் "கார் வாடகைக்கு எடுத்துவிடலாமா?" என்றார். அப்போதுதான் அலுவலகத் தோழி ஒருத்தி ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரெயில்கார்டைப் பற்றிச் சொன்னாள்.

தெரியாதவர்களுக்காக: ஓராண்டுக்கு 35 பவுண்டு, மூன்றாண்டுக்கு 80. 2025 மார்ச் வரை ஓராண்டுக்கு 30 பவுண்டாக இருந்தது. ஒரே கார்டில் நான்கு பெரியவர்கள், நான்கு பிள்ளைகள் வரை போகலாம். பெரியவர் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளின் கட்டணத்தில் 60 விழுக்காடு குறையும். பிள்ளைக் கட்டணமே பெரியவர் கட்டணத்தில் பாதிதான். ஒருவருக்கு 60 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஐந்து பேருக்கும் 270 ஆகும். கார்டு இருந்தால் 172. ஒரு வழிப் பயணத்திலேயே கார்டு விலை வந்து, மேலும் 60 பவுண்டுக்கு மேல் கையில் நிற்கிறது.

முக்கியமான நிபந்தனை இதுதான். கார்டில் பெயர் உள்ளவர்களில் ஒருவராவது வர வேண்டும், கூடவே ஒரு பிள்ளையும் வர வேண்டும். பிள்ளை வராவிட்டால் கார்டு செல்லாது. இதை டிக்கெட் பரிசோதகர்கள் உண்மையாகவே பார்க்கிறார்கள். நியூகாசில் தாண்டியதும் வலப்பக்கம் கடல் தெரியும் என்று அப்பா பையனைக் கூட்டிக்கொண்டு கதவுப் பக்கம் போய்விட்டார். அந்த நேரம் பார்த்துப் பரிசோதகர் வந்தார். கார்டைப் பார்த்தார், எங்கள் மூவரையும் பார்த்தார், "சின்னவர் எங்கே?" என்றார். கைகாட்டினேன். அவர் அங்கே போய்ப் பையனிடம், "உன்னால்தான் இவர்களுக்கெல்லாம் தள்ளுபடி, தெரியுமா?" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வீட்டில் இவன் அதிகாரம் தாங்கவில்லை.

அப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. நம் ஊர் ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். ஆண்களுக்கு 40 விழுக்காடு, பெண்களுக்கு 50. "இங்கே பேரன் தயவில் கிடைக்கிறது, அங்கே வயசானாலும் கிடைக்கவில்லை" என்று திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஈஸ்ட்ஹாம் அண்ணை:

தங்கச்சி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. அந்தப் பிள்ளை உங்கள் சொந்தப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்று இல்லை. நாங்கள் வேல்ஸில் இருக்கிற ஸ்கந்தவேல் கோயிலுக்குப் போவதென்றால் மச்சான் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு போவோம். லண்டன் பேடிங்டன் நிலையத்தில் ஏறி, கார்மார்த்தனில் இறங்கி, அங்கேயிருந்து டாக்ஸி. நாங்கள் இரண்டு பேர், அவர்கள் இரண்டு பேர், பிள்ளைகள் நாலு. கணக்குச் சரியாக ஒரு கார்டுக்குள் அடங்கிவிடும். இரண்டு குடும்பமும் தனித்தனியாகக் கார்டு வாங்கத் தேவையே இல்லை.

ஆனால் ஒருமுறை பூசை முடிந்து மச்சான் ஆட்கள் வேலைக்கென்று எங்களுக்கு ஒரு நாள் முன்பே திரும்ப வேண்டி வந்தது. கார்டில் இருந்தது என் பெயரும் மனைவி பெயரும். நாங்கள் இரண்டு பேரும் கோயிலில். அவர்கள் கையில் பிள்ளைகள் இருந்தும் தள்ளுபடி இல்லை. வேறு ரயிலுக்குப் புதிதாக முழு விலையில் டிக்கெட் எடுத்துத்தான் வந்தார்கள். அப்புறம் கார்டு புதுப்பிக்கும்போது இரண்டாவது பெயராக மச்சானைப் போட்டுவிட்டேன். மனைவிக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனாலும் யோசித்துப் பாருங்கோ, நானும் அவளும் எப்படியும் ஒன்றாகத்தானே போகிறோம்.

ரெடிங் அப்பா:

லண்டனைச் சுற்றியுள்ள தென்கிழக்குப் பகுதிக்குள்ளேயே போய் வருபவர்கள் நேரத்தைப் பார்க்க வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை காலை நெரிசல் நேரத்தில் இந்தப் பகுதிக்குள் மட்டும் செய்யும் பயணத்துக்குக் கார்டு செல்லாது. பள்ளி இடைவிடுமுறையில் லண்டன் அருங்காட்சியகத்தில் டைனோசர் பார்க்கக் கிளம்பும் பெற்றோர் எல்லாரும் இதில்தான் இடறுகிறார்கள். நெரிசல் குறைந்தபின் ஏறுங்கள், இல்லையென்றால் சனி ஞாயிறு போங்கள். அருங்காட்சியகத்தில் எப்படியும் வரிசை இருக்கும்.

இன்னொன்று. பிரிஸ்டல் பக்கம் போனால் வழியில் உள்ள டிட்காட்டில் டிக்கெட்டைப் பிரித்து எடுத்துப் பாருங்கள். லண்டனிலிருந்து டிட்காட் வரை ஒன்று, டிட்காட்டிலிருந்து பிரிஸ்டல் ஒன்று. இறங்க வேண்டாம், அந்த ரயில் டிட்காட்டில் நின்று போனால் போதும். பல நாட்களில் ஒரே டிக்கெட்டைவிட இது மலிவு. இரண்டு துண்டுக்கும் கார்டு தள்ளுபடி உண்டு. என் மனைவிக்கு இந்த வேலையே பிடிக்காது. "நாலு பேருக்கு எட்டு டிக்கெட்டா?" என்பாள். மிச்சமான காசில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு வாங்கும்போது ஒன்றும் சொல்வதில்லை.

டூட்டிங் வாசி:

எல்லாரும் வாங்குங்கள் வாங்குங்கள் என்கிறீர்கள். நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன். லண்டனுக்குள்ளேயே சுற்றுகிறவர்களுக்கு இது வீண். இந்தக் கார்டை லண்டன் பயண அட்டையான ஆய்ஸ்டரில் இணைக்க முடியாது. 11 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பெரியவரோடு டியூப் என்கிற சுரங்க ரயிலில் இலவசமாகவே போகிறார்கள். அப்புறம் எதற்கு 35 பவுண்டு? வருஷத்தில் ஒரு முறையாவது குடும்பமாகத் தொலைவாகப் போவீர்கள் என்றால் மட்டும் வாங்குங்கள்.

கோவென்ட்ரி அம்மா:

போனில் கார்டு வைத்திருப்பவர்கள் பேட்டரியைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு எதிர் இருக்கையில் மூன்று பிள்ளைகளோடு ஓர் அம்மா. போகும் வழியெல்லாம் பிள்ளைகள் அந்தப் போனில் கார்ட்டூன் பார்த்தார்கள். பரிசோதகர் வந்தபோது போன் செத்துவிட்டது. என் சார்ஜரைக் கொடுத்தேன், அந்தப் போனுக்குப் பொருந்தவில்லை. கார்டைக் காட்ட முடியாததால் அங்கேயே புதிதாகப் பணம் கட்டச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், இதில் என்ன ஏமாற்று இருக்க முடியும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் கொஞ்சமும் இறங்கி வரவில்லை. ஆனால் அவரே ஒரு வழியும் சொன்னார்: செல்லுபடியாகும் கார்டு இருந்து, காட்ட முடியாமல் போனால், அந்த ரசீதை வைத்து ஆண்டுக்கு ஒரு முறை பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ரசீதைத் தொலைக்காதீர்கள் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு இறங்கினேன்.

சூரிச் சின்னம்மா:

உங்கள் கணக்கையெல்லாம் படித்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. இங்கே சுவிஸில் ஜூனியர் கார்டு 30 பிராங்க். 16 வயது ஆகும் வரை பிள்ளை பெற்றோரோடு வந்தால் ஆண்டு முழுக்கப் பிள்ளைக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். ஆறு வயதுக்குள் என்றால் அந்தக் கார்டும் வேண்டாம். எங்களுடைய டிக்கெட்டுக்கு அரைவிலைக் கார்டு தனியாக வைத்திருக்கிறோம். ஒரே சிக்கல், அது பெற்றோருக்குத்தான். அக்கா மகளை நான் கூட்டிக்கொண்டு பேர்ன் போனபோது அவளுடைய ஜூனியர் கார்டு என்னோடு செல்லவில்லை. சித்தி, தாத்தா, பாட்டிக்கு வேறு கார்டு இருக்கிறது. அதுவும் 30 பிராங்க்தான், கூட்டிப்போகிறவர் பெயரோடு வாங்க வேண்டும்.

கோவைக்காரி, ஹாரோ:

சின்னம்மா, பொறாமையாக இருக்கிறது!

தனிச்செய்தியில் இரண்டு பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தார்கள்: தாத்தா பாட்டிக்குத் தனியாக சீனியர் கார்டு வாங்கலாமா என்று. அறுபது வயது ஆகியிருந்தால் வாங்கலாம், அதிலும் மூன்றில் ஒரு பங்குதான் குறையும். இரண்டு கார்டின் தள்ளுபடியை ஒரு டிக்கெட்டில் சேர்த்து வாங்க முடியாது. ஆகவே பேரப்பிள்ளையோடு மட்டும் போகிறவர்களுக்குத் தேவையில்லை. எங்கள் அப்பா அம்மா பர்மிங்ஹாம் அத்தை வீட்டுக்குத் தனியாகப் போய் வருவார்கள் என்பதால் வாங்கிக் கொடுத்தேன்.

பிள்ளைகளே இல்லாமல் பெரியவர்கள் மூன்று பேராவது சேர்ந்து போகிறீர்கள் என்றால் குரூப்சேவ் என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலான ரயில்களில், நெரிசல் இல்லாத நேரத்து டிக்கெட்டுக்கு, மூன்று முதல் ஒன்பது பேர் வரை, ஏறக்குறைய இதே தள்ளுபடி. கார்டே வாங்க வேண்டாம். தீபாவளிக்கு லெஸ்டர் போகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.