ஒரே நாளில் புதுக்கோட்டைப் பக்கம்: சித்தன்னவாசலோடு வேறு எதைச் சேர்ப்பது?

கயல்_திருச்சி:

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் இருக்கிறோம். மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்புகிற மாதிரி புதுக்கோட்டைப் பக்கம் போகலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். நான், கணவர், ஏழாவது படிக்கிற மகள், இரண்டாவது படிக்கிற மகன், அப்புறம் என் மாமியார். அத்தைக்கு முழங்கால் வலி. சமதரையில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடப்பார், படி ஏறுவதுதான் முடியாது.

சித்தன்னவாசல் கட்டாயம் உண்டு, மகள் அந்த ஓவியங்களைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறாள். அதோடு எதைச் சேர்ப்பது என்பதில்தான் குழப்பம். நார்த்தாமலை, குடுமியான்மலை, கொடும்பாளூர், திருமயம், மியூசியம் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது நடக்குமா?

இன்னொரு ஆசையும் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டும் அடுக்குமாடியிலேயே வளர்ந்தவர்கள். அய்யனார் கோயில், மண்குதிரை, கண்மாய் இதையெல்லாம் நேரில் பார்க்கவேண்டும். ஆனால் ஒரு கிராமத்துக்குள் காரை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பது எனக்கே சங்கடமாக இருக்கிறது. எங்கே போகலாம், எப்படிப் போவது முறை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்னவாசல்_ஆள்:

அக்கா, நான் அந்தப் பக்கத்துக்காரன். முதலில் ஒன்று: பாறை சுட ஆரம்பிப்பதற்கு முன்னால் சித்தன்னவாசல் வந்து சேர்ந்துவிடுங்கள். மாசியிலேயே பதினோரு மணிக்கு மேல் கால் வைக்க முடியாது.

அங்கே இரண்டு இடம் இருக்கிறது, நிறைய பேர் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஓவியம் இருப்பது அறிவர் கோயில் என்கிற குடைவரையில், அதாவது பாறையைக் குடைந்து எடுத்த கோயிலில். மலையின் மேற்குச் சரிவு, கொஞ்சம் படிதான், கையைப் பிடித்துக்கொண்டால் அத்தை ஏறிவிடுவார். இன்னொன்று ஏழடிப்பட்டம் என்கிற மலைக்குகை. அதற்குக் கிழக்குப் பக்கமிருந்து படியேறி, உச்சியைத் தாண்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு பாறை விளிம்பில் போகவேண்டும். உள்ளே சமண முனிவர்கள் படுத்த வழுவழுப்பான கற்படுக்கைகள் 17 இருக்கின்றன. அதில் ஒன்றில் தமிழ்பிராமி எழுத்து இருக்கிறது, கி.மு. முதல் நூற்றாண்டு அளவில் வெட்டியது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காக இளையர் என்பவர் செய்து கொடுத்த இருக்கை என்று விஷயம். ஏழாவது படிக்கிற பிள்ளை அதை நேரில் பார்க்காமல் திரும்பக்கூடாது. உங்களில் ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு மேலே ஏறுங்கள், மற்றவர்கள் அத்தையோடும் தம்பியோடும் கீழே பூங்காவில் இருக்கலாம்.

வண்டியில் வரும்போது இரண்டு பக்கமும் தரையைப் பாருங்கள். கற்களை வட்டமாக நட்டு வைத்திருப்பது தெரியும். பெருங்கற்கால ஈமக்காடு அது. கல்வட்டம், கல்பதுக்கை (பலகைக் கற்களால் அமைத்த கல்லறை), இறந்தவர்களைப் புதைத்த தாழி எல்லாம் கிடைத்த இடம். பெயர்ப்பலகையைத் தேடிக்கொண்டு போகிறவர்கள் இதைக் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள்.

கல்லும்_எழுத்தும்:

அன்னவாசல்_ஆள் சொன்னதோடு என் பங்குக்குக் கொஞ்சம். நான் ஆசிரியர், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிற வழக்கம் உண்டு, அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஓவியத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீர் இருக்கிற ஒரு குளத்தை, முடிந்தால் தாமரையோ அல்லியோ பூத்த குளத்தை, பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள். கரையில் பத்து நிமிஷம் நின்றால் போதும். மேலே விதானத்தில் வரைந்திருப்பதும் ஒரு தாமரைக் குளம்தான். மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கிற ஆட்கள் எல்லாம் அதில் உண்டு. அசல் குளத்தைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள், இலை எப்படி ஓரத்தில் சுருண்டிருக்கிறது, தண்டு எப்படி வளைகிறது என்று தாங்களாகவே ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நேராகக் காரிலிருந்து இறங்கிப் பார்க்கிற பிள்ளைகளுக்கு அது மங்கிப்போன சுவர்தான். உண்மையிலேயே நிறைய அழிந்துபோய்விட்டது, மகளிடம் முன்பே சொல்லிவையுங்கள், புத்தகத்தில் அச்சடித்த பளிச்சென்ற நிறம் அங்கே இருக்காது. வெளியே வெயிலில் இருந்து வந்ததும் ஒன்றும் தெரியாது, கண் பழகக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். ஃபோன் வெளிச்சம் அடிக்கவேண்டாம், ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். தூண்களில் ஆடுமகளிர் இருவர் இருக்கிறார்கள், அவர்களையும் தவறவிடாதீர்கள்.

காலம் பற்றி மகள் கேட்பாள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலம் என்று பல புத்தகங்கள் சொல்லும். ஆனால் அங்கேயே ஒரு பாண்டியர் கல்வெட்டு இருக்கிறது, 9-ஆம் நூற்றாண்டு, சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்ற சமணர் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து முன்மண்டபமும் எடுத்ததைச் சொல்கிறது. இன்று பார்க்கிற ஓவியத்தைப் பாண்டியர் காலத்தது என்று பல அறிஞர்கள் சொல்வது அதனால்தான். கருவறையின் நடுவில் நின்று வாயை மூடிக்கொண்டு மெல்ல ஒலி எழுப்பினால் அறை முழுக்க அதிரும், சின்னவனுக்கு ஓவியத்தைவிட அதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது குடுமியான்மலை என்பேன். கோயிலுக்குப் பின்னால் மேலைக்கோயில் குடைவரை, அதை ஒட்டிய பாறை முகத்தில் இசைக் கல்வெட்டு. ஏழு பண்களுக்குச் சுரங்களை நான்கு நான்காகப் பிரித்து, பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கடைசியில் தமிழில் ஒரு வரி, ‘எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய’ என்று. பாட்டோ வீணையோ கற்கிற பிள்ளை என்றால் அந்தப் பாறை முன்னால் கட்டாயம் நிற்கவேண்டும். மண்டபத் தூண்களில் பத்துத் தலை ராவணன் முதற்கொண்டு ஆள் உயரச் சிற்பங்கள், அத்தையும் படி ஏறாமல் பார்க்கலாம். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதற்குள் போய்ச் சேருங்கள்.

தேர்முட்டி:

குடுமியான்மலை வரை போகிறவர்கள் அப்படியே கொடும்பாளூர் போய், விராலிமலை வழியாக மதுரை ரோட்டைப் பிடித்துத் திருச்சி திரும்பிவிடலாம், வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. கொடும்பாளூர் மூவர் கோயில் தரைமட்டம், புல்வெளி, படிப் பிரச்சினையே கிடையாது. இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும், கற்றளி, வரகுணை என்ற தன் இரண்டு மனைவியர் பெயரிலும் எடுத்த மூன்று கோயில்கள், இப்போது இரண்டுதான் நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். சாயங்கால வெயிலில் அந்த விமானத்துக் கல் பொன் நிறத்துக்கு மாறும். நார்த்தாமலையை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். விஜயாலய சோழீச்சரம் எனக்கு உயிர், வட்டமான கருவறை வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாதது, ஆனாலும் மொட்டைப் பாறையில் ஏறவேண்டும், அத்தையைக் கீழே காரில் உட்காரவைத்துவிட்டுப் போவது நன்றாக இருக்காது.

புரவி_மண்:

சகோதரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு யாரும் வரவில்லையே என்றுதான் எழுதுகிறேன். என் அம்மா ஊரில் இன்றும் புரவி எடுப்பு, அதாவது அய்யனாருக்கு மண்குதிரை செய்து எடுத்துப்போகிற விழா, நடக்கிறது.

நீங்கள் பார்க்க நினைக்கிற மண்குதிரைகளுக்குப் புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகிற சாலையில் நமுணசமுத்திரம் அய்யனார் கோயில் இருக்கிறது. வரிசை வரிசையாகக் குதிரைகள், சில நின்றபடி, சில இடிந்து செடி முளைத்தபடி. பழையதை யாரும் அப்புறப்படுத்த மாட்டார்கள், அது மண்ணோடு மண்ணாகப் போகும், பக்கத்தில் புதியது வந்து நிற்கும். பிள்ளைகளிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் உடைந்து கிடக்கிறதே, யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்பார்கள். உடைந்த துண்டுதானே என்று ஒரு காதையோ மணியையோ கையில் எடுத்து வரக்கூடாது. குதிரை மேல் பிள்ளையை ஏற்றிப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கொதிக்கும். அது ஒருவர் நேர்ந்துகொண்டு கொடுத்தது.

எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டீர்களானால், ஊர் கூடி முடிவெடுத்து, மண்பாண்டம் செய்கிற வேளாரிடம் பிடிமண் கொடுப்பதில் தொடங்கும். ஒரு பிடி மண்ணைக் கையில் வாங்கிய பிறகு அவர் விரதம் இருந்து வேலையை ஆரம்பிப்பார். கண்மாய் மண்ணோடு மணலும் வைக்கோலும் உமியும் சேர்த்து மிதித்துப் பதமாக்கி, முதலில் நான்கு கால், அப்புறம் வயிறு, கடைசியில் கழுத்தும் தலையும். உள்ளே கூடாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் சூளையில் வெடித்துவிடும். சுட்டு, சுண்ணாம்பும் வண்ணமும் பூசி, குறித்த நாளில் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். கண் திறப்பது வரை முகத்தைத் துணியால் மூடி வைக்கிற வழக்கமும் உண்டு. ஒவ்வொரு ஊரிலும் ஆண்டுதோறும் நடக்காது. மழை, விளைச்சல், ஊருக்குள் ஒற்றுமை மூன்றும் கூடிவந்தால்தான் பிடிமண். வேளாரே பல அய்யனார் கோயில்களில் பூசாரியாகவும் இருப்பார்.

உங்கள் சங்கடத்துக்கு என் பதில்: கோயில்காட்டின் ஓரத்திலேயே செருப்பைக் கழற்றிவிடுங்கள். யாராவது இருந்தால் ‘உள்ளே வரலாமா, பெண்கள் எதுவரைக்கும் போகலாம்’ என்று அத்தையை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். வயசானவர் கேட்டால் ஊர்க்காரர்கள் தானாகவே கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு சூடமோ தேங்காயோ கையில் இருந்தால் நீங்கள் சாமி கும்பிட வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இல்லை.

கயல்_திருச்சி:

எல்லோருக்கும் நன்றி. புரவி_மண், பிடிமண் விஷயத்தை அத்தையிடம் படித்துக் காட்டினேன், அவர் சின்ன வயதில் பார்த்ததை ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார், இத்தனை வருஷத்தில் இதை நாங்கள் கேட்டதே இல்லை. இப்போது பிரச்சினை என்னவென்றால், நமுணசமுத்திரம் தெற்கே இருக்கிறது, குடுமியான்மலையும் கொடும்பாளூரும் எதிர்ப்பக்கம். இரண்டையும் சேர்க்க முடியுமா? அப்புறம் மாசி என்பதால் ஜல்லிக்கட்டு, மீன்பிடித் திருவிழா ஏதாவது அமைந்தால் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

அன்னவாசல்_ஆள்:

சேர்க்காதீர்கள் அக்கா. அத்தையே அய்யனார் கோயில் என்று ஆசைப்படும்போது தெற்கே போவதுதான் சரி. காலையில் சித்தன்னவாசல், பதினோரு மணி வாக்கில் புதுக்கோட்டைக்குக் கிளம்புங்கள், 16 கிலோமீட்டர். திருக்கோகர்ணத்தில் மியூசியம், 1910-இல் மன்னர் காலத்தில் தொடங்கியது. வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிறு பிரச்சினை இல்லை. சமஸ்தானத்தின் சொந்த நாணயமான அம்மன் காசைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து மக்களுக்குக் கொடுத்த காசு அது. சாப்பாட்டை முடித்துக்கொண்டு மூன்று மணிக்கு நமுணசமுத்திரம், நாலரைக்குத் திருமயம். அப்போது நடை திறந்திருக்கும். பாறையில் செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள், ஒட்டினாற்போல் சிவன் குடைவரை. இரண்டு கோயிலுக்கும் நிலம், வருமானம் சம்பந்தமாக இருந்த நெடுநாள் வழக்கை 1245-இல் போசளத் (ஹொய்சாள) தளபதி அப்பண்ண தண்டநாயகன் தீர்த்துவைத்த கல்வெட்டு அங்கே இருக்கிறது. கோட்டை 1687-இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது, ஏற முடிகிறவர்கள் ஏறுங்கள். குடுமியான்மலையும் கொடும்பாளூரும் இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும், எங்கேயும் போய்விடாது.

மீன்பிடித் திருவிழா மாசியில் பெரும்பாலும் கிடைக்காது. கண்மாயில் தண்ணீர் வற்றுகிற பங்குனி, சித்திரையில்தான். வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவோடும் (மீன் பிடிக்கிற கூடை) வலையோடும் ஊரே இறங்கும். பிடித்த மீனை விற்காமல் வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிடுவதுதான் முறை. ஜல்லிக்கட்டு எங்கள் மாவட்டத்தில் தை தொடங்கிக் கோடை வரைக்கும் எங்காவது நடந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் இரண்டாவது படிக்கிற பிள்ளையோடு வேண்டாம். வாடிவாசல் பக்கம் தடுப்பு இருக்கிறது, மாடு ஓடிப்போய் நிற்கிற கலெக்‌ஷன் பாயிண்டில்தான் வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு அடிபடுகிறது.

கல்லும்_எழுத்தும்:

தெற்கே போவதை நானும் ஆதரிக்கிறேன். வழியில் ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தி, உள்ளே தண்ணீருக்கு நடுவில் நிற்கிற கல்தூண்களைக் காட்டுங்கள். குமிழி மடை என்பது அதுதான், அடியில் இருக்கிற துளை வழியாகத்தான் வயலுக்குத் தண்ணீர் போகும். புதுக்கோட்டைப் பக்கம் பழைய குமிழித் தூண்களில் கல்வெட்டே இருக்கிறது, யார் நிறுத்திக் கொடுத்தார் என்று. ராஜாக்கள் கட்டிய கோயிலை மட்டும் பார்த்துத் திரும்புகிற பிள்ளைக்குப் பாதி வரலாறுதான் கிடைக்கும்.

கயல்_திருச்சி:

சரி, அன்னவாசல்_ஆள் சொன்ன வரிசையிலேயே போகிறோம், கண்மாய்க் கரையையும் சேர்த்துக்கொண்டோம். ஏழடிப்பட்டத்துக்கு நானும் மகளும் ஏறுகிறோம். சூடம், தேங்காய் வாங்குகிற பொறுப்பை அத்தை எடுத்துக்கொண்டார்.

புரவி_மண்:

நல்லது சகோதரி. ஒன்று மட்டும்: அய்யனாருக்குக் காவலாகச் சுற்றி இருக்கிற கருப்பர், மற்ற பரிவார தெய்வங்களுக்குத் தனித்தனி முறை உண்டு, தேங்காயை எங்கே உடைப்பது என்று அங்கே இருப்பவரிடம் கேட்டுவிட்டு உடையுங்கள். ஞாயிறு மதியம் யாரும் இல்லாமலும் இருக்கலாம், அப்போது வாசலிலேயே சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, குதிரைகளை நிதானமாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.