பழைய காருக்கு ஏற்றும் "வேறு எஞ்சின்": வெள்ளிக்கு முன் ஒரு சொல் வேண்டும்

ஹற்றன், ஞாயிறு இரவு

எல்லோருக்கும் வணக்கம். மோட்டார் வேலை பழகும் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு கைநூல் செய்துகொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். பன்னிரண்டு பக்கம் ஓடிவிட்டது, பதின்மூன்றில் நின்றுவிட்டேன்.

விசயம் இதுதான். 3 இலட்சம் கிலோமீற்றர் தாண்டிய ஒரு கார். எண்ணெய் குடிக்கிறது, ஏற்றத்தில் நீலப் புகை. பிரித்துச் செய்யக் காசு அதிகம். ஆகவே ஜப்பானில் வேறொரு காரில் ஓடி, கழற்றி, கொள்கலனில் வந்த எஞ்சினைக் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கி வந்து ஏற்றுகிறார்கள். 2020 மார்ச்சில் கார் இறக்குமதி நின்று 2025 பெப்ரவரி வரை திறக்காமல் கிடந்ததில், மலையகத்தில் இருக்கிற கார்தான் கார் என்று ஆகி, இந்த வேலை பெருகிவிட்டது.

இதை நாம் எல்லோரும் "ரீகண்டிஷன் எஞ்சின்" என்கிறோம். அந்தச் சொல்லே பொய். பிரித்துத் தேய்ந்ததை மாற்றித் திரும்பக் கோர்த்ததற்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். இங்கே விற்பதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. என் மச்சான் அந்தச் சொல்லை நம்பி, டைமிங் பெல்ட்டைக்கூட மாற்றாமல் ஏற்றினார். இரண்டே மாதம். கினிகத்தேனை வளைவில், மழையில், பெல்ட் அறுந்து நின்றது. பிள்ளைகளுக்கு அந்தப் பொய்யைத் தமிழில் எழுதிக் கொடுக்க எனக்கு மனமில்லை. பொருளுக்கு ஒரு சொல், வேலைக்கு ஒரு சொல், இரண்டும் வேண்டும். "நிறைய ஓடிய" என்பதற்கும் கிடைத்தால் நல்லது.

கண்டி, திங்கள் காலை

தம்பி, வேலைக்கு "எஞ்சின் மாற்றீடு" போதும். படிவங்களில் பழகிய சொல். "பிரதியீடு" வேண்டாம், கணக்குப் பாடத்தில் x-க்குப் பதில் 3 போடுவது மாதிரி இருக்கும். பொருளுக்கு "பாவித்த எஞ்சின்" என்று எழுதுங்கள். ஊர்ச் சொல், எல்லோருக்கும் விளங்கும். நான் நாளைக்குள் வேறு ஒரு மொழிபெயர்ப்பை முடிக்க வேண்டும், மன்னிக்கவும்.

கோத்தகிரி, திங்கள் மதியம்

வணக்கம். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலவாக்கலையிலிருந்து இங்கே நீலகிரிக்கு வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது, அந்த உரிமையில் சொல்கிறேன். இன்ஜின் என்று எழுதினாலும் எஞ்சின் என்று எழுதினாலும் அது தமிழ் இல்லை. பொறி என்று ஒரு சொல் இருக்கும்போது ஏன் கடன்? "மாற்றுப்பொறி" என்று வையுங்கள். "பாவித்த" என்று இங்கே எழுதினால் ஏதோ பாவனை செய்ததாக நினைப்பார்கள். வண்டியையும் "மகிழுந்து" என்று போட்டுவிட்டால் பக்கம் சுத்தமாக இருக்கும்.

பதுளை, திங்கள் இரவு

அண்ணன், கராஜில் நின்று எழுதுகிறேன், கையில் கிரீஸ். 3 இலட்சம் ஓடி எண்ணெய் குடிக்கிற காரை மகிழுந்து என்றால் அதன் சொந்தக்காரர் அடிக்க வருவார்.

பொறி என்றால் எங்களுக்கு ஸ்பார்க். "பொறியில் பொறி வரவில்லை" என்று பையனிடம் சொன்னால் அவன் எதைக் கழற்றுவான்? எலிப்பொறி வேறு இருக்கிறது.

பேராதனை, செவ்வாய் விடியற்காலை

பதுளைத் தம்பி கேட்டது நியாயமான கேள்வி, ஆனால் பொறிக்கு அது புதிய குறை அல்ல. பொறி என்றால் புலன். பொறி என்றால் தீப்பொறி. சேரனின் வில்லும் பாண்டியனின் கயலும் பொறி, அதாவது இலச்சினை. சிலப்பதிகாரத்தில் மதுரை மதிலைக் காத்த "வளைவிற் பொறி" இயந்திரம். சீவக சிந்தாமணியில் சீவகனின் தந்தை சச்சந்தன் செய்வித்த மயிற்பொறி பறந்தே போயிற்று. பறந்தது எங்கே இறங்கியது என்று நினைவிருக்கட்டும்: சுடுகாட்டில். நெடுந்தூரம் போன பொறிக்கு அதுதான் கதி போலும்.

"பொறியின்மை யார்க்கும் பழியன்று" என்பது குறள். அங்கே பொறிக்கு ஊழ் என்றும் பொருள் கொள்வர், உறுப்பு என்றும் கொள்வர். எஞ்சின் இறக்கிய காரின் முன் நின்று வாசித்தால் மூன்றாவது உரை ஒன்றும் கிடைக்கும்.

"மாற்று" பற்றி. பொன்னின் தரத்துக்கும் மாற்று என்று பெயர், பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோமே. ஆக மாற்றுப்பொறி என்றால் உரைத்துப் பார்த்துத் தரம் கண்ட பொறி என்று வாங்குபவன் நினைக்க இடமுண்டு. ஹற்றன் தம்பி தப்ப நினைக்கும் பொய் பின்வாசலால் வந்துவிடும். மின்சாரத்தில் ஓடும் எஞ்சினையும் நாளைக்கு மாற்றுப்பொறி என்பார்கள், மாற்று எரிபொருள் என்கிற மாதிரி.

நிறைய ஓடியதற்கு "நெட்டோட்டம்" பொருந்தும். நெடுமை + ஓட்டம். "மை" போய், "ட்" இரட்டிக்கும்; தன்னொற்று இரட்டல், நன்னூல் 136. நெடுவோட்டம் என்று எழுதாதீர்கள்.

கண்டி, செவ்வாய் காலை

ஐயா, நெட்டோட்டம் என்றால் பிள்ளைகள் இல்ல விளையாட்டுப் போட்டியில் மரதன் ஓடுவதாக நினைப்பார்கள். "அதிகம் ஓடிய கார்" என்றே இருக்கட்டும்.

கோத்தகிரி அண்ணனுக்கு ஒன்று. கராஜில் நாம் கூப்பிடுகிற "பாஸ்" டச்சுச் சொல். கந்தோரும் டச்சு. அலமாரி போர்த்துக்கீசம். நீங்கள் காரைத் திறக்கிற சாவியும் போர்த்துக்கீசம்தான். யாழ்ப்பாணத்தார் அதைத் "திறப்பு" என்று தமிழில் சொல்கிறார்கள், சுத்தம் பேசுகிற நீங்கள் சொல்வதில்லை. இத்தனை பேர் குடியேறி வீடு கட்டியபிறகு எஞ்சினை மட்டும் ஏன் வாசலில் நிறுத்துகிறீர்கள்?

கோத்தகிரி, செவ்வாய் மாலை

நிறுத்தவில்லை, வேட்டி கட்டி உள்ளே வரச் சொல்கிறேன். "வடவெழுத்து ஒரீஇ", அதாவது வடமொழி எழுத்தை நீக்கி, என்று தொல்காப்பியர் சொன்னதும் அதுதானே.

வேலைக்கு ஒரு சொல் தோன்றியது: கூடுபாய்ச்சல். இறந்துபோன இடையன் மூலன் உடம்பில் திருமூலர் புகுந்த மாதிரி, ஒரு வண்டியின் உயிர் இன்னொரு வண்டிக்குப் போகிறது. இதைவிடத் தமிழாக எதுவும் இருக்க முடியாது.

பதுளை, செவ்வாய் இரவு

கேட்க அழகாக இருக்கிறது அண்ணன். ஆனால் உயிர் மட்டும் போவதில்லை. ஜப்பானிலிருந்து வருகிறது பெரும்பாலும் ஓட்டோ கியர்க் காரின் எஞ்சின். நம்முடையது கால் கிளட்ச் என்றால், பழைய எஞ்சினில் கிளட்ச் பூட்டியிருக்கும் பிளைவீலைக் கழற்றி இதில் பூட்ட வேண்டும். மவுண்ட், சில நேரம் சம்ப், ஒல்டனேட்டர், வயர்க் கட்டு எல்லாம் செத்ததிலிருந்து வந்ததுக்குப் போகும். திருமூலர் தன் எலும்பையும் கொஞ்சம் கொண்டுபோனார் என்று சொல்ல முடியுமா? பாய்ந்த பிறகும் எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதிய வேண்டும், ரசீதும் சுங்கப் பத்திரமும் இல்லாமல் போனால் அலைய வைப்பார்கள். சித்தருக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை.

நாங்கள் சொல்வது: வேலைக்கு "எஞ்சின் இறக்கி ஏற்றுவது". பொருளுக்கு "கழட்டின எஞ்சின்". பிரித்து வேலை பார்த்ததற்குச் "செய்த எஞ்சின்". கழட்டினது வேறு, செய்தது வேறு. சண்டையே இல்லை.

பேராதனை, புதன் விடியற்காலை

இரவு முழுக்க இதுதான் ஓடியது. தம்பி கையில் சொல் இருக்கிறது, கொஞ்சம் செதுக்கினால் போதும். "கழற்றுபொறி". வினைத்தொகை, ஆகவே வல்லினம் மிகாது. கழற்றுப்பொறி என்று ஒற்றுப் போட்டு எழுதினால் கழற்றுவதற்கான கருவி என்று ஆகிவிடும். அச்சகத்தார் கட்டாயம் போடுவார்கள், கவனம்.

கண்டி, புதன் காலை

ஐயா, வினைத்தொகை முக்காலத்துக்கும் உரியது. ஊறுகாய் என்றால் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். கழற்றுபொறி என்றால் கழற்றிய பொறி, கழற்றுகின்ற பொறி, இனிக் கழற்றப்போகும் பொறி. காசு கொடுத்து வாங்குகிறவனிடம் மூன்றாவதையும் சேர்த்தா சொல்வது?

பதுளை, புதன் காலை

அக்கா சொன்ன மூன்றாவதுதான் அடிக்கடி நடக்கிறது. ஐயாவின் சொல்லே சரி.

நுவரெலியா, புதன் இரவு

இவ்வளவு நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சொல் பற்றி எனக்குக் கருத்து இல்லை, பௌதிகவியல் படிப்பிக்கிறவன். பதின்மூன்றாம் பக்கத்தில் ஒரு பந்தி சேர்க்க முடியுமா? எஞ்சினை வாங்குமுன் கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், பார்க்கச் சொல்வீர்கள். இந்த ஊர் 1,868 மீற்றர் உயரம், வளியமுக்கம் கடல்மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்குதான். கொழும்பில் 190 psi காட்டிய அதே சிலிண்டர் இங்கே 150 சொச்சம்தான் காட்டும். நல்ல எஞ்சினைக் "கம்பிரஷன் இல்லை" என்று திருப்பி அனுப்பியதை என் கண்ணால் பார்த்தேன். கொழும்புக் கணக்கோடு ஒப்பிடக்கூடாது, நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று எவ்வளவு கிட்ட நிற்கின்றன என்றுதான் பார்க்க வேண்டும்.

ஹற்றன், வியாழன் இரவு

நுவரெலியா சேருக்கு நன்றி, அந்தப் பந்தி அப்படியே போகிறது. இந்த நான்கு நாளில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள விசயம் அதுதான், ஐயா கோபிக்கக்கூடாது.

சொல் விசயத்தில் இனி எனக்கு நேரமில்லை. நாளை காலை எட்டு மணிக்கு அச்சகம். "கழற்றிய எஞ்சின்" என்று போடுகிறேன். இறந்தகாலப் பெயரெச்சம், இனிக் கழற்றப்போவது அதில் இல்லை. பிரித்து வேலை பார்த்தது "செய்த எஞ்சின்". வேலைக்கு "எஞ்சின் மாற்றீடு", கீழே சிறிய எழுத்தில் "இறக்கி ஏற்றுதல்". "ரீகண்டிஷன்" என்பதையும் ஒரு தடவை போட்டு, கடைக்காரர் இப்படிச் சொல்வார், திறந்து பார்த்தது என்று எடுத்துக்கொள்ளாதே, பெல்ட்டும் தண்ணீர்ப் பம்பும் பின் ஓயில் சீலும் எஞ்சின் வெளியே இருக்கும்போதே மாற்று என்று எழுதியிருக்கிறேன். கூடுபாய்ச்சலுக்கு இடம் கிடைக்கவில்லை, அட்டைப்படத்துக்கு யோசிக்கிறேன்.

கண்டி, வியாழன் இரவு

சரி. எனக்குச் சம்மதம்.

கோத்தகிரி, வியாழன் இரவு

எனக்குச் சம்மதம் இல்லை. ஆனால் அச்சாகட்டும். ஒரு படி அனுப்புங்கள்.

பேராதனை, வெள்ளி விடியற்காலை

"கழற்றிய எஞ்சின்" கலைச்சொல் அன்று, அது ஒரு சொற்றொடர். "பழையன கழிதலும் புதியன புகுதலும்" என்று நன்னூலார் சொன்னபோது, பழையதே புதியதாகப் புகும் இந்த வகையை நினைத்திருக்க மாட்டார். இரண்டாம் பதிப்பு வரும்போது கழற்றுபொறியை மறுபடி எடுப்பேன். தம்பி, எட்டு மணிக்கு முன் இதைப் பார்த்தால், பக்கம் நான்கில் "சிலின்டர்" என்று றன்னகரம் விழுந்திருக்கிறது. டண்ணகரம் வரும்.

பதுளை, வெள்ளி காலை

டண்ணகரம் என்பது எந்த "ன" ஐயா? பையன் கேட்கிறான்.