தூக்கிச் சுமந்த மூன்று வாரங்கள்

தக்கலைக்கு அருகே எங்கள் வீட்டில் வளரும் லாப்ரடார் பெண் நாய் சின்னுவுக்குப் பத்து மாத வயதில் இடது இடுப்பு மூட்டில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் நாங்கள் செய்த ஒரு தவற்றை, இதே நிலையில் உள்ளவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆறாவது மாதத்திலேயே, ஓடும்போது பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து முயலைப் போலத் தாவினாள். விளையாட்டு என்றே எண்ணினோம். படி ஏற மறுத்த பிறகுதான் மருத்துவரிடம் காட்டினோம். மயக்க ஊசி போட்டு எடுத்த எக்ஸ்ரேயில், இடுப்பெலும்பின் கிண்ணம் ஆழமின்றித் தட்டையாக இருந்ததும், தொடையெலும்பின் உருண்டைத் தலை அதில் பாதிகூடப் பொருந்தாமல் விலகி நின்றதும் தெளிவாகத் தெரிந்தன. இது பெரும்பாலும் பரம்பரையாக வரும் குறை என்றாலும், குட்டிப் பருவத்தில் எடை வேகமாகக் கூடினால் தீவிரமாகும் என்றார். எலும்பு வலுப்பெறும் என்று நம்பித் தீவனத்தோடு நாங்கள் கலந்து கொடுத்துவந்த கால்சியம் மருந்தையும் அன்றே நிறுத்தச் சொன்னார். பெரிய இனக் குட்டிகளுக்கு அது மிஞ்சினால் எலும்பு வளர்ச்சியே கெடும் என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது.

செயற்கை மூட்டு பொருத்த எங்களுக்கு வசதி இல்லை. ஆகவே திருநெல்வேலியில், தொடையெலும்பின் தலையையும் கழுத்தையும் வெட்டி நீக்கும் சிகிச்சைக்குச் சம்மதித்தோம். எலும்போடு எலும்பு உரசுவது அதோடு நின்றுவிடும். வெட்டிய இடத்தில் நார்த்திசு வளர்ந்து, சுற்றியுள்ள தசைகளின் பிடியில் ஒரு பொய் மூட்டு உருவாகும். காலை ஊன்றி நடந்தால்தான் அந்தத் தசை வலுப்பெறும் என்றும், சில நாட்களிலேயே மெதுவாக நடக்க விட வேண்டும் என்றும் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டு வந்தும் செய்யவில்லை. தையலைப் பார்த்தாலே அம்மாவுக்குக் கண் கலங்கிவிடும். முற்றத்துக்கும் தீவனத் தட்டுக்கும் 22 கிலோ எடையுள்ள அவளை அண்ணனும் நானும் மாறிமாறித் தூக்கியே சென்றோம். மூன்றாவது வாரம் தையற்கார டேப்பால் அளந்தபோது, இடது தொடை வலது தொடையைவிட 3 செ.மீ. மெலிந்திருந்தது. அதைவிட என்னை உலுக்கியது அந்தக் காலின் நகங்கள்தான்: தரையில் உரசாததால் அவை நீண்டு உள்நோக்கி வளைந்திருந்தன.

மறுநாளே வழுக்கும் டைல்ஸ் தரை முழுவதும் கயிற்றுப் பாய்களை விரித்தோம். வலி மருந்தை மருத்துவர் குறித்த அளவில் உணவுக்குப் பின் கொடுத்து, சற்று நேரம் கழித்து வெந்நீர் ஒத்தடமிட்டு, காலை மெல்ல மடக்கி நீட்டிவிட்டு, கயிற்றில் பிடித்தபடி ஐந்து நிமிடம் நடத்துவோம். ஒரு நாளைக்கு மூன்று முறை. மிக மெதுவாக நடத்த வேண்டும். வேகம் கூடினால் அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் ஓடிவிடுவாள். முதலில் விரல் நுனி மட்டும் தரையைத் தொட்டது, பிறகு பாதம் பதிந்தது. காயம் முழுமையாக ஆறிய பின், ஞாயிற்றுக்கிழமைகளில் வெயில் ஏறுவதற்குள் முட்டம் கடற்கரை மணலில் நடத்தினோம்.

இப்போது ஐந்து மாதமாகிறது. நீண்ட தூரம் நடந்தால் இடது கால் சற்றே சாய்கிறது; எடையை 24 கிலோவுக்கு மேல் விடாமல் பார்த்துக்கொள்கிறோம். அந்தக் காலின் நகத்தை வெட்டி இரண்டு மாதமாகிவிட்டது. சிமெண்டு முற்றத்தில் உரசி அதுவே தேய்ந்துவிடுகிறது.